மத்தியானத்தில் செடியைப் பார்க்காதே

போன வருஷம் கத்திரி வெயிலில் நான் ஒரு கத்திரிச் செடியைக் கொன்றேன். சிலேடைக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். இலவம்பாடி முள் கத்திரி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய, காம்பிலும் இலையிலும்கூட முள் வைத்திருக்கிற எங்கள் அணைக்கட்டுப் பக்கத்துக் கத்திரி. ஊரிலிருந்து நாலைந்து நாற்று கொண்டுவந்து, சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் பக்கெட்டுகளில் நட்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசி வரைக்கும் நன்றாக இருந்தது. மே பிறந்ததும், மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது பார்த்தால் இலைகளெல்லாம் கொடியில் காயப்போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கின. பதறிப்போய் ஒரு குடம் ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. நான் ஊற்றியதால்தான் பிழைத்தது என்று எனக்குப் பெருமை. மறுநாளும் தொங்கியது, மறுநாளும் ஒரு குடம். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிருக்கும். ஒருநாள் காலையிலேயே தொங்கியது. அடியிலை மஞ்சள். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, சாக்கடை நாற்றம்.

ஒடுகத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற நைனாவுக்குப் போன் போட்டேன்.

"மொதல்ல எப்ப வாடுச்சு? காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானம்தான் நைனா."

"மத்தியானத்துல செடியப் பாக்காதடா. அந்த வெயில்ல யாரப் பாத்தாதான் நல்லா கீறாங்க? காலையில அஞ்சு மணிக்குப் பாரு. அப்பவும் வாடிக்கினு இருந்தாதான் அதுக்குத் தண்ணி வோணும்."

அவர் ஐந்தாம் வகுப்பு. நான் இதே வேலூரில் மூன்று வருஷம் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவன். பிழைப்பு வேறு பக்கம் போய்விட்டாலும் பட்டம் பட்டம்தானே. அந்த வெட்கத்தில்தான் பழைய பாடங்களைத் தூசு தட்டி எடுத்தேன். செடி தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பது தெரிந்த விஷயம் மாதிரிதான் இருக்கும். நமக்குத் தாகம் எடுக்கிறது, அதற்கும் எடுக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவு இல்லை.

முதலில் அந்தத் தொங்கல். செடிக்கு எலும்பு கிடையாது. மரத்துக்காவது கட்டை இருக்கிறது. கத்திரி இலையையும் கீரைத்தண்டையும் நிமிர்த்தி வைத்திருப்பது வெறும் தண்ணீர்தான். ஒவ்வொரு செல்லும் கெட்டியான சுவருக்குள் விறைக்க நிரப்பிய ஒரு பை. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று ஏறக்குறைய இரண்டு வளிமண்டல அழுத்தம். இலைச் செல்லுக்குள் இருப்பது சாதாரணமாக ஐந்திலிருந்து பத்து. ஏறக்குறைய லாரி டயர் அளவு! அந்த அழுத்தம் இறங்கினால் இலை தொங்கும். செல் செத்துப்போகவில்லை, பஞ்சர் ஆகியிருக்கிறது, அவ்வளவே. நேதாஜி மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். துவண்டுபோன அரைக்கீரைக் கட்டைத் தண்ணீர் வாளியில் காம்பு முங்க வைத்து எடுத்தால், அரைமணி நேரத்தில் இப்போதுதான் பிடுங்கி வந்தது மாதிரி நிற்கும். நாமும் முழு விலை கொடுத்து வாங்கி வருவோம்.

வளர்வதுகூடப் பாதி இந்த ஊதல்தான். இளஞ்செல் தன் சுவரைக் கொஞ்சம் தளர்த்திவிடும், உள்ளே தண்ணீர் ஏறி அதை இழுத்து நீட்டும், பிறகு சுவர் இறுகிவிடும். சுரைக்கொடி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சாண் ஓடியிருக்கிறதே என்று வியக்கிறோம். பெரும்பகுதி தண்ணீர் போட்ட நீளம் அது.

சரி, செடிக்குச் சாப்பாடு? இங்கே பெல்ஜியத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு தொட்டியில் 200 பவுண்ட் காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்ட் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வந்துவிட்டது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் இரண்டு அவுன்ஸ்தான் குறைவு. ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அவர் இறந்தபின் 1648-ல் அது அச்சானது. பாதிதான் சரி. மீதி காற்றிலிருந்து, கரியமில வாயுவாக வந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இத்தனைக்கும் 'கேஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான்!

செடி தண்ணீரை உடைத்துத்தான் மாவுச்சத்து செய்கிறது. அப்படி உடைக்கும்போது வெளியே விடுகிற பிராணவாயுதான் நாம் மூச்சில் இழுப்பது. அது கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது என்று 1941-ல் ரூபன், கேமன் முதலானவர்கள் கனமான ஆக்சிஜனை அடையாளமாக வைத்துக் காட்டினார்கள். ஆனால் இந்தச் சமையலுக்குப் போகிற தண்ணீர், வேர் இழுக்கிற மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. உடம்பில் தங்குகிறதையும் சேர்த்தால் இரண்டு மூன்று சதவீதம். மீதி நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் இலை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது.

நம்பாமல் நானே நிறுத்துப் பார்த்தேன். ஜூனில் இரண்டாவது ரவுண்டு நாற்று நட்டபோது, ஒன்றை மட்டும் சின்னத் தொட்டியில் வைத்திருந்தேன். அது நன்றாகத் தழைத்ததும் மண் தெரியாமல் பாலிதீன் சுற்றிக் கட்டி, காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் வீட்டுக்காரியின் சமையலறைத் தராசில் வைத்தேன். அவள் பார்த்த பார்வையை எழுத இங்கே இடம் போதாது. அந்த ஒரு பகலில் அரைக்கிலோவுக்கு மேல் காணோம். மண் மூடியிருக்கிறது, தொட்டி ஒழுகவில்லை, போன வழி இலை மட்டும்தான். இதே வேலையை இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் முந்நூறு வருஷம் முன்னால், தொட்டியை ஈயத் தகட்டால் மூடிச் செய்திருக்கிறார். 1727-ல் அவர் எழுதியபடி, மூன்றரை அடிச் சூரியகாந்தி ஒன்று, அளவுக்கு அளவு ஒப்பிட்டால் மனுஷனைவிடப் பதினேழு மடங்கு வியர்க்கிறது.

குடிப்பதில் தொண்ணூற்றேழு பங்கை வெளியே விடுகிறது என்றால், அதை ஏன் குடிக்க வேண்டும்?

இலையின் தோலில் மெழுகு பூசியிருக்கிறது. தண்ணீர் போகாது, காற்றும் வராது. ஆனால் கரியமில வாயு வந்தாக வேண்டும். அதற்காகச் சின்னச் சின்ன வாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறிலிருந்து முந்நூறு வரைக்கும். ஒவ்வொரு வாய்க்கும் அவரைவிதை வடிவில் இரண்டு காவல் செல்கள் உதடு மாதிரி. பொட்டாசியம் உள்ளே ஏறினால் பின்னாலேயே தண்ணீர் ஏறும், உதடுகள் உப்பி வளையும், நடுவில் துளை திறக்கும். தண்ணீர் வடிந்தால் உதடுகள் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறப்பதற்கே தண்ணீர்தான் சாவி.

வாய் திறந்தால் காற்று வரும், அதே வாய் வழியாகத் தண்ணீர் போகும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். இலைக்கு உள்ளே இருக்கிற காற்றிலோ ஈரம் ததும்பி நிற்கிறது. அதனால் வியாபாரம் மகா மோசம். நெல், வேர்க்கடலை, கத்திரி மாதிரிச் செடிகள் ஒரு கரியமில வாயு மூலக்கூறை வாங்க ஏறக்குறைய நானூறு ஐந்நூறு தண்ணீர் மூலக்கூறுகளைக் கொடுக்கின்றன. செடி தண்ணீரைக் குடிக்கிறது என்று சொல்வதே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. அது தண்ணீரைச் செலவு செய்கிறது. தண்ணீர் அதன் கையிலிருக்கிற காசு. அந்தக் காசைக் கொடுத்துத்தான் காற்றை வாங்கி உடம்பாக்கிக்கொள்கிறது.

இப்படிப் பார்த்தபிறகுதான் ஆயாவின், அதாவது என் பாட்டியின், கொல்லை எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் பாய்கிற நிலம் கழனி, வானம் பார்த்தது கொல்லை. கழனியில் நெல், கொல்லையில் கேவுரு. கேழ்வரகைக் கேழ்வரகு என்று முழுசாகச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கேவுரு, கம்பு, சோளம், கரும்பு இவையெல்லாம் கரியமில வாயுவை உள்ளே பிடித்துக் குவித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உள்ள ஜாதி. அதனால் வாயை ரொம்பத் திறக்க வேண்டியதில்லை. நெல் கொடுக்கிற விலையில் பாதி, பாதிக்கும் கீழே கொடுத்து அதே சரக்கை வாங்கிவிடும். ஆயாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "கேவுரு எங்க போட்டாலும் கோச்சுக்காது" என்பாள். அவளுடைய கூழ்ப்பானையில் அந்தக் கணக்கு வெந்துகொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் மிஞ்சிய கஞ்சர்கள் உண்டு. சப்பாத்திக்கள்ளி, ரயில் பாதை ஓரக் கற்றாழை, அன்னாசி. பகலில் வாயே திறக்காது. ராத்திரி காற்று குளிர்ந்து ஈரப்பட்டதும் திறந்து, கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாக மாற்றிச் சேர்த்துவைத்து, பகலில் வாயை மூடிக்கொண்டு அதை எடுத்துச் சமைக்கும். கம்பெனிக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் தாவரவியல் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன் என்பவர் ரணகள்ளி இலையை வாயில் போட்டு மென்று பார்த்திருக்கிறார். ரணகள்ளி என்றால் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நாம் நோட்டுக்குள் வைத்து விளையாடினோமே, அதே இலை. விடியற்காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-ல் அச்சாகியிருக்கிறது. ராத்திரி சேர்த்த புளிப்பு பகலில் செலவாகிவிடுகிறது என்பது விளங்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் முதல் தடயம் நம் பக்கத்து இலையை ஒருவர் மென்று பார்த்ததில் கிடைத்தது.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கிணறு.

எங்கள் கிணறு ஐம்பத்தைந்து அடி. தாத்தா காலத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினார்கள். நான் பார்த்தது மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தேய்ந்த சரிவை மட்டும்தான். நைனா தலையெடுத்தபோது ஐந்து எச்.பி. மோட்டார் வந்தது. முதலில் கிணற்று மேட்டிலேயே கொட்டாய் போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து மேடை கட்டி, மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். எனக்கு எட்டு வயசிருக்கும்போது இரண்டாவது மேடை. எங்கள் மாவட்டத்தில் கிணறு வைத்திருந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். ஏன் இறக்க வேண்டும் என்று கேட்டதற்கு நைனா சொன்னது: "இருவது இருவத்தஞ்சு அடிக்கு மேல மோட்டார் இழுக்காதுடா."

அது மோட்டாரின் குறை இல்லை. எந்தக் கம்பெனி மோட்டாரானாலும் மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிறது என்றால் 34 அடிக்கு மேல் முடியவே முடியாது. உறிஞ்சும்போது தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே அழுத்திக்கொண்டிருக்கிற காற்றுதான். அதன் பலம் அவ்வளவே. நடைமுறையில் இருபத்தைந்தைத் தாண்டினால் திணறும். இப்போது கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கியிருக்கிறார். அது உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. அதனால் எவ்வளவு ஆழமும் சரி.

அந்தக் கிணற்று மேட்டிலேயே ஒரு பனை நிற்கிறது. அறுபது அடி உயரம் குறையாது. அதன் உச்சியிலிருக்கிற ஓலை பச்சையாக இருக்கிறது. நுங்கில் தண்ணீர் இருக்கிறது. பக்கத்திலேயே தென்னை, காலால் குடித்ததைத் தலையால் தரும் என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதே தென்னை. மோட்டாரால் முடியாததை இவை எப்படிச் செய்கின்றன? அடியில் தள்ள ஒன்றும் இல்லை. உச்சியிலும் சத்தம் போடுகிற ஒன்றும் இல்லை.

உயிருள்ள செல்கள்தான் இதயம் மாதிரித் துடித்துத் துடித்து ஏற்றுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் 1920-களில் வாதாடினார். நம்மவர் என்பதால் அது உண்மையாக இருக்கக் கூடாதா என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முன்பே 1890-களில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் பெரிய மரங்களின் அடியை அறுத்து விஷக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். விஷம் ஏறி வழியிலிருந்த செல்லெல்லாம் செத்தன. தண்ணீர் ஏறுவது நிற்கவில்லை. விஷம் இலைக்குப் போய்ச் சேர்ந்து இலை சாகும் வரைக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியானால் வேலை நடக்கிற இடம் தண்டு இல்லை, இலை.

1894-ல் டப்ளினில் டிக்சன், ஜாலி என்ற இருவர் சொன்ன விடைதான் இன்றைக்கும் நிற்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இலையில் ஒரு துளி ஆவியானால், பின்னால் இருக்கிற துளி இழுபடும், அதன் பின்னால் இருப்பது இழுபடும், இப்படியே தண்டு வழியாக வேர்நுனி வரைக்கும் ஒரே கயிறு. தண்ணீரால் திரித்த தாம்புக்கயிறு. இழுப்பது வெயிலும் காய்ந்த காற்றும். பாதி ஈரம் உள்ள காற்றுக்குக்கூடத் தண்ணீரை இழுக்கும் பலம் ஏறக்குறைய 900 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வேலூரின் மே மாதக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மோட்டாரின் உறிஞ்சுகுழாயில் தண்ணீர் இவ்வளவு இழுப்பைத் தாங்காது, குமிழி விட்டு அறுந்துவிடும். மரத்தின் குழாய் தலைமயிர் அளவோ அதற்கும் மெல்லியதோ. அதன் சுவரில் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது, குமிழி உண்டாக இடமில்லை, கயிறு அறுவதில்லை. இந்த இழுப்பில் பகலில் மரத்தின் அடிமரமே ஒரு நூலளவுக்கும் குறைவாக ஒடுங்கி, ராத்திரி மறுபடி விரிகிறது. நுட்பமான கருவி வைத்து இதை அளந்திருக்கிறார்கள்.

எப்போதுமே அறுவதில்லை என்றும் சொல்ல முடியாது. மண் காய்ந்து வேருக்குத் தண்ணீர் கிடைக்காமல், மேலே இழுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கயிறு பட்டென்று அறும். குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே இருந்தது: "மோட்டார் காத்து வாங்கிடுச்சு." கிணற்றில் தண்ணீர் இறங்கி, அடிக்குழாயின் நுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற புட்வால் வெளியே தெரிந்தாலோ ஒழுகினாலோ காற்று புகுந்துவிடும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. நைனா சாணியைக் கரைத்து ஊற்றி ஒழுகலை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டுவார். செடியும் காற்று வாங்கும். அறுகிற அந்தச் சத்தத்தை 1966-லேயே கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். காற்று வாங்கிய குழாய் அதோடு அடைத்துக்கொள்ளும், பக்கத்துக் குழாய் வேலையை ஏற்கும். நிறைய அடைத்துவிட்டால் அந்தக் கிளை காய்ந்துபோகும். புளியும் வேம்பும் வருஷா வருஷம் புதுக்குழாய் கட்டிக்கொள்ளும். பனைக்கும் தென்னைக்கும் அந்த வசதி இல்லை. முளைத்து எழும்பியபோது போட்ட குழாயை வைத்தே ஆயுசு முழுக்கத் தள்ள வேண்டும். எங்கள் கிணற்று மேட்டுப் பனைக்கு எத்தனை வயசு என்று எனக்குத் தெரியாது. அதன் பைப்லைனை யாரும் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

புல் ஜாதிக்கு வேறு ஒரு வழி உண்டு. ராத்திரியில் வாய்கள் மூடியிருக்கும்போது வேர் உப்புகளை உள்ளே சேர்த்து, அதன் பின்னால் தண்ணீரை இழுத்துக் கீழிருந்து மேலே தள்ளும். காற்று வாங்கிய குழாய்கள் இதில் மறுபடி நிரம்பலாம். சாணிக் கரைசல் இல்லாமலே! மார்கழியில் வரப்பில் நடந்தால் ஒவ்வொரு நெல் தோகையின் நுனியிலும் ஒரு முத்து நிற்குமே, நாம் அதைப் பனி என்போம். அதில் பெரும்பாலானது பனி இல்லை. அது நெல் தானே தள்ளி வெளியே விட்ட தண்ணீர்.

செலவான தண்ணீர் முழுக்க வீண் என்றும் கிடையாது. ஒரு லிட்டர் ஆவியாக எடுத்துக்கொண்டு போகிற சூடு, அதே ஒரு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப்போல ஏழு மடங்குக்கு மேல். தகரக் கொட்டாயின் நிழலும் வேப்பமர நிழலும் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு பெரிய காரணம். வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை. இன்னும் ஒன்றிரண்டு உண்டு, அவை வேண்டாம். கோயிலுக்குச் சாமி 1981-ல் திரும்பிவிட்டார், அதுவும் ஜலகண்டேஸ்வரர் என்று தண்ணீர்ப் பெயரோடு. முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவை இரண்டு குறை இல்லை, ஒரே குறை என்பது என் அபிப்பிராயம்.

பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன், அது செடியைப் பற்றியது என்பதால். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பு சட்டம் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம். தோலைப் பதப்படுத்தப் போடுகிற உப்பு அந்தக் கழிவில் உண்டு. அது மண்ணில் சேர்ந்தால் என்ன ஆகும்? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும், மாங்காய் சுருங்கியிருக்கும். உப்பு இருக்கிற பக்கம்தான் தண்ணீர் போகும். மண்ணில் உப்பு ஏறினால் வேரும் அந்த மாங்காய் மாதிரிதான். கால் ஈரத்தில் நிற்கும், தலை வாடும். ராணிப்பேட்டைப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் தென்னந்தோப்பைக் காட்டி, "மாமா, தண்ணி கட்டிக்கினேதான் கீறேன், காய்ஞ்சிக்கினேதான் போவுது" என்றார். அவர் சொன்னதை நான் அப்போது நம்பவில்லை. தண்ணீர் கட்டினால் எப்படிக் காயும் என்று நினைத்தேன்.

என் பக்கெட்டில் நடந்தது இதற்குப் பக்கத்து வீட்டுக் கதை. உப்பு இல்லை, ஆனால் வேரால் குடிக்க முடியாமல் போனது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றில்தான் அது மூச்சு விடுகிறது. ஓட்டை சரியாகப் போடாத பெயிண்ட் பக்கெட்டில் நான் நாள்தோறும் ஒரு குடம் ஊற்றி அந்தக் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டேன். மூச்சடைத்த வேர் தண்ணீரை இழுக்காது. அதனால் மேலே இலை தொங்கியது, தொங்கியதைப் பார்த்து நான் இன்னும் ஊற்றினேன். நெல் மட்டும் தண்ணீரில் நிற்கிறதே என்றால், அதன் தண்டிலிருந்து வேர்வரை காற்று போகக் குழல்கள் இருக்கின்றன. குளத்துக்குள் மூங்கில் குழலை வாயில் வைத்துக்கொண்டு முங்கி ஒளிகிற பையன் மாதிரி. அந்த நெல்லுக்கே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே போதும் என்று இப்போது வேளாண் துறையும் சொல்கிறது.

காயப்போடுவது நைனாவுக்குப் புதுசில்லை. வேர்க்கடலை விதைத்து உயிர்த்தண்ணி விட்டபிறகு, பூக்கும் வரைக்கும் அவர் மடையைத் திருப்பவே மாட்டார். இலை மங்கிச் சுருங்கினாலும் சும்மா வரப்பில் உட்கார்ந்திருப்பார். சின்ன வயசில் எனக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றும். அந்த நாட்களில் காயப்போட்டால் வேர் ஆழமாக இறங்கும், பூ முன்னும் பின்னுமாக வராமல் ஒரே சமயத்தில் கொட்டும். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயத்தில் மட்டும் அவரைக் கையில் பிடிக்க முடியாது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது, ராத்திரி இரண்டு மணியானாலும், டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கொல்லையில் இருப்பார். மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது, இறங்காத விழுது காயாகாது. செடி காசைச் செலவு செய்தே ஆகவேண்டிய நாள் எது, மடியில் முடிந்துவைக்க வேண்டிய நாள் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மத்தியான வாட்டமும் அந்த முடிச்சுதான். கத்திரி, பூசணி மாதிரிப் பெரிய இலைச் செடிகளில் உச்சிவெயிலில் இலை விடுகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் முடியாது. இலை தொங்கினால் அதன்மேல் விழுகிற வெயில் குறையும், வாய்களும் மூடிக்கொள்ளும். சோளம் இதையே தோகையைச் சுருட்டிச் செய்யும். வெயில் தாழ்ந்ததும் வேர் கணக்கைச் சரிசெய்துவிடும். ராத்திரி முழுக்க ஏறி, விடியும்போது இலையும் மண்ணும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்திருக்கும். அதனால்தான் செடியின் தண்ணீர் நிலையை அளக்கிற ஆராய்ச்சிக்காரர்களும் விடிவதற்கு முன்னால் இலையைக் கிள்ளிக் கருவியில் வைக்கிறார்கள். காலை அஞ்சு மணிக்குப் பாரு.

இந்த வருஷம் மூன்று செடி நன்றாக நிற்கிறது. பக்கெட்டுகளில் அடியிலும் பக்கத்திலும் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன். மண்ணின் மேல் காய்ந்த வேப்பிலையும் தேங்காய் நாரும் மூடாக்கு. விரலைக் கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செடி ரொம்பத் துவண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. கையில் குடத்தை எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோ எடுத்து நைனாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவருக்கு எழுதுவது சிரமம், குரல் பதிவுதான் வரும். ஐந்து நிமிஷத்தில் வந்தது.

"நெழலு பக்கெட்டுக் காலடியிலயே கீதேடா. மணி பன்னண்டு ஆவுதா? கொடத்தக் கீழ வெச்சுட்டுப் போயி சோறு துன்னு. காலையில எட்து அனுப்பு."

நான் குடத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.